மேற்கோளும் மூலமும்: வன்னி வரலாறு புகட்டும் ஆய்வு நெறி

ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றின் மதிப்பு அதன் ஆசிரியர் கூறும் முடிபுகளில் மாத்திரம் தங்கியிருப்பதன்று. அம்முடிபுகளுக்கு அவர் காட்டும் சான்றுகளைப் படிப்போர் தாமே தேடிக் கண்டு சோதிக்க இயலுமா என்பதிலும் அது தங்கியுள்ளது. விஞ்ஞான சஞ்சிகைகள் மேற்கோள்களையும் உசாத்துணைப் பட்டியலையும் இன்ன முறையில் அமைத்தல் வேண்டும் என விதிப்பது இதன் பொருட்டேயாம். இவ்விதிகளை வெறும் சடங்கெனக் கருதி, கட்டுரையை எழுதி முடித்த பின்னர் அவசர அவசரமாக இட்டு நிரப்புவோர் உளர். அக்கருத்து எத்துணைப் பிழையானது என்பதை வன்னி நாட்டு வரலாற்றைக் கொண்டே காட்டலாம்.

ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் மேக்கறூன் என்னும் அதிகாரியின் வேண்டுகோட்கிணங்க மயில்வாகனப் புலவர் இயற்றிய நூல் யாழ்ப்பாண வைபவமாலை. வன்னியர் குடியேற்றம் பற்றியும் அது பேசுகின்றது. தமக்கு முதனூல்களாயிருந்தவை கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை என்பன எனப் புலவர் அறிவித்துள்ளார். இது பெரிதும் பாராட்டத்தக்க செயலாகும். இந்நான்கனுள் முன்னைய இரண்டுமே இன்று எமக்குக் கிடைத்துள. பின்னைய இரண்டும் ஒரு காலத்தில் இருந்தன என்ற செய்தியை அறிவதற்கு அவ்வறிவிப்பே துணையாகின்றது.

எனினும் குறையொன்று உண்டு. எந்தச் செய்தி எந்த நூலினின்றும் எடுக்கப்பட்டது என்பதைப் புலவர் ஆங்காங்கே சுட்டினாரல்லர். ஆதலின் கைலாயமாலையிலும் வையாபாடலிலும் காணப்படாத ஒரு செய்தி, மறைந்துபோன இராசமுறையிலிருந்து வந்ததோ, செவிவழிக் கதையிலிருந்து வந்ததோ என்று பிரித்தறிய வழியில்லை. முதலியார் செ. இராசநாயகமும் சுவாமி ஞானப்பிரகாசரும் இந்நூற் செய்திகளை ஆராயப் புகுந்தபோது பிற ஆதாரங்களை நாடி உழைக்க நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். புலவர் காலத்து மரபு அவ்வளவே; அவரைக் குறை கூறுதல் முறையன்று. ஆனால் இக்காலத்து மாணவர் கட்டுரையின் ஈற்றில் நூற்பெயர்களை அடுக்கிவிட்டு, உடலிற் குறிப்பெதுவும் இடாது விடுவாராயின், அதற்குச் சமாதானம் கூற இயலாது. பட்டியலும் உடற்குறிப்பும் ஒன்றையொன்று தழுவி நிற்றல் வேண்டும். உடலிற் சுட்டப்படாத நூல் பட்டியலில் இருத்தல் பகட்டு. பட்டியலில் இல்லாத நூலை உடலிற் சுட்டுதல் ஏமாற்றம்.

இரண்டாவது உதாரணம் பண்டாரவன்னியன் பற்றியது. முல்லைத்தீவு மாவட்டத்துக் கற்சிலைமடுவில் ஆங்கிலத்திற் பொறிக்கப்பட்ட நினைவுக்கல் ஒன்று இருந்தது. கப்டன் வொன் டிறிபேக் 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் பண்டாரவன்னியனை இவ்விடத்திற் தோற்கடித்தான் என்பதே அதன் பொருள். அதிலே தோல்வி கூறப்பட்டதேயன்றி மரணம் கூறப்படவில்லை. ஆயினும் அதே கல்லைச் சான்றாகக் கொண்டு, வன்னியன் அந்நாளில் அவ்விடத்தே வீழ்ந்துபட்டான் என்று எழுதுவாரும் பேசுவாரும் பலர். மூலத்தைப் பாராது, ஒருவர் எழுதியதை மற்றொருவர் பெயர்த்தெழுதும்போது சான்று தன் அளவை மீறி வளர்ந்துவிடுகின்றது. போருக்குப் பின்னர் அக்கல் உடைந்து கிடக்கக் காணப்பட்டது. மூலம் அழிந்த பின் அதன் வாசகத்தைப் பிழையின்றிப் பெயர்த்தோரின் குறிப்பே மூலத்தின் இடத்தில் நிற்கின்றது. தாம் நேரிற் காணாததை இன்னாருடைய நூல்வழி அறிந்தது என்று வெளிப்படையாகக் கூறுக என ஆய்வு நெறி வற்புறுத்துவதன் காரணம் இதனால் விளங்கும்.

இனி விஞ்ஞான சஞ்சிகைகளின் வழக்கை நோக்குவாம். ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் வாக்கியத்தின் உள்ளேயே தரும் முறை ஒன்று. 1881இல் ஹார்வார்ட் பல்கலைக்கழக விலங்கியலறிஞர் எட்வேட் லோறன்ஸ் மார்க் வெளியிட்ட கட்டுரையில் இது தொடங்கிற்று என்பர். வரிசை எண்ணிட்டு, அவ்வெண்ணின்படி ஈற்றிற் பட்டியல் தரும் முறை மற்றொன்று. 1978இல் மருத்துவ சஞ்சிகைப் பதிப்பாசிரியர் கனடாவின் வன்கூவர் நகரிற் கூடி வகுத்தமையால் இது அந்நகரின் பெயரைப் பெற்றது. முன்னது கருத்தின் காலத்தை உடனே உணர்த்தும். பின்னது வாக்கிய ஓட்டத்தைத் தடுக்காது. எதனைக் கொள்வது என்பது சஞ்சிகையின் தீர்ப்பு. இரண்டையும் கலந்து எழுதுவது ஆசிரியரின் குற்றம்.

இவ்விதிகள் எல்லாம் குறையற்றன என்பதும் பொருந்தாது. இவை மேனாட்டுக் குடும்பப் பெயர் வழக்கை அடியாகக் கொண்டவை. தமிழர் பெயரின் முதலெழுத்து பெரும்பாலும் தந்தை பெயரையோ ஊரையோ குறிப்பது. நூலகவியலறிஞர் எஸ். ஆர். அரங்கநாதனின் பெயரில் முதலெழுத்துச் சீர்காழியையும், அடுத்தது தந்தை இராமாமிர்தத்தையும் குறித்தன. ஈற்றில் நின்றதே இயற்பெயர். சி. வி. இராமன் பெயரிலோ வேங்கடராமன் என்னும் ஓர் இயற்பெயரே இரண்டாகப் பிளந்து நிற்கின்றது. அவரும் கே. எஸ். கிருஷ்ணனும் 1928ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் ‘நேச்சர்’ சஞ்சிகையின் 121ஆம் தொகுதியில், 501, 502ஆம் பக்கங்களில் வெளியிட்ட குறிப்பை இன்றும் எவரும் தேடியெடுத்தல் கூடும். பெயர் எவ்வாறு பிளந்ததாயினும் அவர் அதனை ஒரே வடிவில் வழங்கிவந்தமையும், தொகுதி, ஆண்டு, பக்கம் என்பன பிழையின்றி நின்றமையுமே காரணம். இளம் ஆய்வாளர் ஒரு கட்டுரையில் தந்தை பெயரை ஈற்றிலும், வேறொரு கட்டுரையில் முன்னிலும் வைத்தெழுதினால், அவர்தம் உழைப்பு இருவருடையதாகப் பிரிந்துபோம்.

கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியற் பீடங்கள் இயங்குகின்றன. 2021இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வன்னி மண்ணும் நீரும் பயிரும் பற்றிய ஆய்வுகள் அங்கிருந்தே உலக சஞ்சிகைகளுக்குச் செல்லவேண்டியன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது; 2009இல் முடிந்த போரின் இடப்பெயர்வுகளில் வன்னியின் வீட்டு ஏடுகளும் பாடசாலைப் பதிவுகளும் பல மறைந்தன. இத்தகைய நாட்டிலே, மூலத்தின் பெயரையும் ஆண்டையும் பக்கத்தையும் செவ்வனே குறித்தல் பதிப்பாசிரியருக்குக் கட்டுப்படும் செயல் மாத்திரமன்று. மூலம் அழியினும் அது இருந்தமையும் அது கூறியதும் அழியாது காக்கும் தொண்டுமாம். ஆதலின் மேற்கோள் முறையைப் பல்கலைக்கழகம் புகும் வரை ஒத்திவையாது, உயர்தர வகுப்புச் செயற்றிட்டக் கட்டுரையிலேயே பயிற்றத் தொடங்குதல் ஆசிரியர்தம் கடமையாகும்.