அறுபதைத் தாண்டியவர்களின் இளவேனில்

தேனியிலிருந்து குமுளிக்குப் போகும் பேருந்துகளுக்கு, மலையேறுமுன் வரும் கடைசி ஊர் லோயர் கேம்ப். முல்லைப்பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் மணிமண்டபத்தையும், மலைமேலிருந்து பெரியாறு மின் நிலையத்துக்கு இறங்கும் பெரிய குழாய்களையும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, ரசிக்க வேண்டிய இயற்கை மேலே தேக்கடியில்தான் இருக்கிறது என்ற நினைப்போடு பயணிகள் கடந்துபோகிறார்கள். தேக்கடியில் படகு ஏறினால் யானை தென்பட வேண்டும். தென்படாவிட்டால் கொடுத்த காசு வீண். இந்த வகை ரசனைக்கு அதிர்ஷ்டம் வேண்டும், வரிசையில் நிற்க நல்ல முழங்கால் வேண்டும். இதற்கு நேர் எதிரான இன்னொரு வகை உண்டு: ஒன்றையே திரும்பத் திரும்பப் பார்த்து, நேற்றைக்கும் இன்றைக்கும், போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் என்ன மாறியது என்று கண்டுகொள்வது. அதற்கு ஒப்பிட ஒரு பழைய கணக்கு மனதில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கு அதிகமாக இருப்பது அறுபதைத் தாண்டியவர்களிடம். ஆனால் இயற்கைக் கல்வி என்றாலே பள்ளிப் பிள்ளைகளுக்கு முகாம், ஓவியப் போட்டி, பேரணி என்று முடித்துக்கொள்கிறோம். தாத்தாவும் பாட்டியும் அங்கே பிள்ளைகளைக் கூட்டிப்போய் விடுகிறவர்கள் மட்டுமே. இது தலைகீழான ஏற்பாடு. பங்குனி முதல் வைகாசி வரையிலான மூன்று மாதங்களில், கம்பம் பள்ளத்தாக்கின் இந்த மேற்கு முனையில், மூத்தவர்களே முதல் மாணவர்களாக இருக்கத் தகுதியானவர்கள்.

முதலில் எழும் ஆட்சேபம், இங்கே இளவேனில் என்று ஒன்று இருக்கிறதா என்பது. பங்குனியில் மலைச்சரிவு காய்ந்து கிடக்கிறது, இரண்டாம் போக அறுவடை முடிந்த வயல் வெடித்துக் கிடக்கிறது, இதைக் கோடை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? நியாயமான கேள்விதான். காலண்டர் படங்களில் வரும் பனி உருகிப் பூப்பூக்கும் வசந்தத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் சாலையோரத்துப் புங்கமரத்தை நான்கு வாரம் கவனித்தால் விஷயம் புரியும். இருந்த இலையெல்லாம் கொட்டி, சில நாளிலேயே பளபளவென்று வெளிர்பச்சைத் தளிர் மூடி, சித்திரையில் தரை தெரியாமல் பூவை உதிர்க்கும். இலை மாற்றுவதில் வேம்பும் அரசும் அப்படியே. மழை பெய்து நாளாகிவிட்டது, அடுத்த மழைக்கும் நாளிருக்கிறது. வறட்சியின் உச்சத்தில் மரம் ஏன் துளிர்க்கிறது? முதுமலைக் காட்டில் கே.எஸ். முரளியும் ஆர். சுகுமாரும் செய்து 1993இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடை தருகிறது. மழை வந்தபின் இலைதின்னும் பூச்சிகள் பெருகுகின்றன. முன்னதாகவே துளிர்த்த மரங்களின் இலைகளுக்குச் சேதம் குறைவு, தாமதமாகத் துளிர்த்தவற்றுக்குச் சேதம் அதிகம். ஆழ வேரோடிய மரம், பூச்சி வருமுன் இலையை முற்றவைத்துக்கொள்கிறது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் வெயிலில் மின்னும் தளிர் வெறும் அழகாக மட்டும் தெரியாது. ஒரு முன்னேற்பாடு கண்முன்னே நடப்பது தெரியும்.

எனவே தொடங்க வேண்டிய இடம் ஒரு மரம். காடல்ல, தோப்பும் வேண்டாம். வீட்டுத் திண்ணையிலிருந்தோ தேநீர்க் கடை பெஞ்சிலிருந்தோ தெரிகிற ஒரே ஒரு மரம். இந்தியாவில் சீசன்வாட்ச் என்ற மக்கள் அறிவியல் திட்டம் இதைத்தான் செய்கிறது: ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு, வாரம் ஒருமுறை இலை, பூ, காய் என்ன நிலையில் இருக்கின்றன என்று குறித்துவைப்பது. அதில் பெரும்பங்கு கேரளப் பள்ளிப் பிள்ளைகளுடையது. மலைக்கு இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கும் அது பொருந்தும். மரத்தைத் தேர்வதில் கொஞ்சம் யோசனை வேண்டும். புங்கு நல்ல தேர்வு, மாற்றம் வேகமாகத் தெரியும். கொன்றை கிடைத்தால் இன்னும் சுவாரசியம்: எல்லைக்கு அப்பால் கேரளத்தில் விஷுக் கனியில் வைக்கிற அந்த மஞ்சள் பூ, சித்திரை முதல் தேதிக்குச் சரியாகப் பூக்கிறதா, முந்திக்கொள்கிறதா, பிந்துகிறதா என்று வருடாவருடம் சரிபார்க்கலாம். செவ்விலவு அருகில் இருந்தால் மாசியிலேயே தொடங்கிவிட வேண்டும்; இலையில்லாத கிளையில் சிவந்து நிற்கும் அந்தப் பூக்களின் தேனுக்கு மைனா, கரிச்சான், காகம், அணில் என்று ஒரு சந்தைக் கூட்டமே கூடும். தென்னை மட்டும் வேண்டாம். வருடம் முழுதும் ஒரே மாதிரி நிற்கும் மரத்தில் பருவத்தைப் படிப்பது தேர்ந்தவர்களுக்கே கடினம்.

கண்ணும் காதும் தளர்ந்தபின் இதெல்லாம் எதற்கு என்பது அடுத்த ஆட்சேபம். காதிலிருந்து தொடங்குவோம். முதுமையில் முதலில் குறைவது உச்சஸ்தாயி ஒலிகள். தாழ்ந்த ஒலிகள் கடைசிவரை தங்கும். தேன்சிட்டின் கீச்சொலி சிலருக்குக் கேட்காமல் போகலாம். ஆனால் இளவேனிலின் முக்கியமான பாடகர்கள் எல்லாம் தாழ்ந்த குரல்காரர்கள். செம்போத்தின் ‘கூப் கூப்’, குக்குறுவானின் ‘டொக் டொக்’, குயிலின் ஏறிக்கொண்டே போகும் கூவல், மயிலின் அகவல் எதற்கும் இளங்காது தேவையில்லை. குக்குறுவானை எடுத்துக்கொள்ளுங்கள். பித்தளைப் பாத்திரத்தில் ஒரே சீராகத் தட்டுவது போன்ற அந்த ஒலி, வெயில் ஏற ஏறக் கூடும். ஒரு சமயம் இடப்பக்கமும் ஒரு சமயம் வலப்பக்கமும் கேட்கும். இரண்டு பறவை என்று நினைப்போம். உண்மையில் ஒரே பறவை தலையைத் திருப்பித் திருப்பிக் குரல் எழுப்புகிறது. பட்டுப்போன கிளையில் வட்டமாக ஒரு துளை தெரிந்தால் அது அதன் வீடாக இருக்கலாம். கண்ணுக்கு உதவி வேண்டுமானால் பைனாகுலர் வாங்கும்போது 10 மடங்கைவிட 8 மடங்கு பெருக்குவதே நல்லது. பெருக்கம் கூடக் கூடக் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் பைனாகுலரின் ரப்பர் விளிம்பை மடக்கிவிட்டுப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பாதிக் காட்சிதான் கிடைக்கும். கால் வலிக்கு மருந்தே சொல்ல வேண்டியதில்லை. நடப்பவரைவிட உட்கார்ந்திருப்பவருக்குத்தான் பறவைகள் பயம் தெளிந்து அருகில் வரும்.

பைனாகுலரே இல்லாமல் பார்க்கக்கூடியது ஆற்றங்கரையில் இருக்கிறது. தேக்கடியிலிருந்து வரும் தண்ணீர் கோடையில் மிகவும் குறைந்துவிடும். முல்லையாறு ஒடுங்கி, ஓரங்களில் சேறும் பாறையும் தலைகாட்டும். அங்கே ஒற்றையாக நிற்கும் மடையானைப் பாருங்கள். தை மாதம் மண் நிறத்தில், இருக்கும் இடம் தெரியாமல் நின்ற அதே பறவைக்கு, இனப்பெருக்கப் பருவம் நெருங்க முதுகு முழுவதும் ஆழ்ந்த அரக்கு நிறமாகிவிடும். மாட்டோடு திரியும் வெள்ளை உண்ணிக்கொக்குக்குத் தலையும் கழுத்தும் காவி பூசியதுபோல் ஆகும். எல்லாக் கொக்கும் ஒரே நாளில் மாறாது. முதலில் மாறியது எது, கடைசிவரை மாறாதது எத்தனை என்பதே ஒரு மாதத்துக்குப் போதுமான பாடம். அதே ஆற்றோரத்தில் இன்னொரு கணக்கும் உண்டு, அது கழித்தல் கணக்கு. பாறைக்குப் பாறை தாவி வாலை ஆட்டிக்கொண்டிருந்த சாம்பல் வாலாட்டி பங்குனிக்குப் பின் காணாமல் போகும். இமயமலைப் பக்கம் கூடு கட்டப் போய்விட்டது. காலையும் மாலையும் ஆறு மணி சுமாருக்குத் தோப்பில் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும் ஆறுமணிக்குருவியும், மஞ்சள் மாங்குயிலும் வடக்கே புறப்படும். வந்த நாளைக் கவனிப்பது எளிது, போன நாளைக் கவனிப்பது கடினம்: கடைசியாகக் கேட்டது எப்போது என்பது அது போய்ப் பல நாள் கழித்துத்தான் உறைக்கும். அதனால் தினமும் ‘கேட்டது’, ‘கேட்கவில்லை’ என்று ஒரு வரி குறிப்பது அவசியம். பழைய பால் கணக்கு நோட்டு போதும்.

மூன்றாவது ஆட்சேபம்தான் வலுவானது. பெரியவர்களின் நினைவை நம்ப முடியுமா? ‘அந்தக் காலத்தில்’ என்று தொடங்கும் எந்தப் பேச்சிலும் ஆறு நிறையத் தண்ணீர் ஓடும், ஊர் நிறையக் குருவி பறக்கும். ஏக்கம் எது, தகவல் எது என்று பிரிப்பது எப்படி? இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மீன்வள அறிவியலாளர் டேனியல் பாலி 1995இல் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார்: ஒவ்வொரு தலைமுறையும் தான் இளமையில் பார்த்த நிலையையே இயல்பு என்று எடுத்துக்கொள்கிறது, அதற்கு முன் நடந்த இழப்பு அதன் கணக்கிலேயே வருவதில்லை. ஆகவே பழையதைப் பார்த்தவரின் சாட்சியத்தைத் தள்ளிவிட்டால் இழப்பு மட்டுமல்ல, இழந்தோம் என்ற செய்தியும் போய்விடும். சாட்சியத்தைச் சோதிக்க வழி உண்டு. ஆயிரக்கணக்கான பறவை ஆர்வலர்களின் பதிவுகளைக் கொண்டு 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, மயிலும் குயிலும் பெருகிவருவதாகவும், பனங்காடை குறைந்துவருவதாகவும் சொல்கிறது. ‘முன்னெல்லாம் வயலுக்குள் இத்தனை மயில் கிடையாது’ என்று ஒரு விவசாயி சொன்னால் அது ஏக்கமல்ல, அறிக்கையோடு ஒத்துப்போகும் தகவல். ‘செல்போன் கோபுரத்தால் சிட்டுக்குருவி அழிந்தேபோயிற்று’ என்றால் அது நாளிதழில் படித்தது நினைவாக உருமாறியது. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் சிட்டுக்குருவி பெரும்பாலும் நிலையாகவே இருக்கிறது. அறிக்கையின் பதிவுகளுக்கும் ஒரு குறை உண்டு. அவை நிறைந்திருப்பது நகரங்களையும் சரணாலயங்களையும் சுற்றி, அதுவும் பெரும்பாலும் அண்மைக் காலத்தவை. லோயர் கேம்ப்பிலும் பக்கத்துக் கூடலூரிலும் 1970களில் கொன்றை எப்போது பூத்தது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் தேடினால் கிடைப்பது அரிது. மனிதர்களிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்கும்போது தேதியைக் கேட்காமல் நிகழ்ச்சியைக் கேட்பது உத்தமம். வீரபாண்டித் திருவிழாவுக்கு முன்பா பின்பா? ஜூன் முதல் தேதி முதல்போகத்துக்குப் பெரியாற்றுத் தண்ணீர் திறக்குமுன்பா? முல்லைப்பெரியாறு அணையின் நீர்மட்டம் 136 அடி என்று இருந்த வருடங்களிலா, உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்புக்குப் பின் 142 ஆனபோதா? இப்படிக் கட்டிவைத்த நினைவு லேசில் நழுவாது. இதில் ஒரு நுணுக்கம்: பளியங்குடி வழியாகக் கண்ணகி கோயிலுக்கு ஏறும் சித்ரா பௌர்ணமியை அளவுகோலாக வைக்கும்போது எச்சரிக்கை வேண்டும். பௌர்ணமி சித்திரைக்குள்ளேயே முன்னும் பின்னும் நகரும்; போன வருடம் அந்த நாளில் பூத்திருந்தது இந்த வருடம் பூக்கவில்லை என்றால் மரம் தாமதித்ததாக அர்த்தமில்லை, நிலா முந்தியிருக்கலாம். சித்திரை முதல் தேதி நகராது, அதுவே நல்ல ஆணி.

பெயர் தெரியாமல் எப்படி ரசிப்பது என்று தயங்குபவர்கள் இருக்கிறார்கள். பெயரைக் கடைசியில் கற்றுக்கொண்டால் போதும். அது என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்தவருக்குப் பெயர் தானே ஒட்டிக்கொள்ளும், படத்தைப் பார்த்துப் பெயரை மனப்பாடம் செய்தவருக்குப் பறவை ஒட்டுவதில்லை. மேலும், இந்த ஊரில் கற்றுத்தரும் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைமேல் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வந்த அம்மாக்களுக்குக் கோடைமழைக்குப் பின் காப்பி பூக்கும் வாசமும், அடிவாரத்தில் காய்ந்த காடு குமுளி ஏறுவதற்குள் பச்சையாகிற இடமும் அத்துபடி. தேன் எடுத்துப் பழகிய பளியர் பழங்குடியினருக்கு எந்த மரம் பூத்தால் தேனீ எங்கே கட்டும் என்று தெரியும். இவர்களைக் கேட்டு எழுதிவைக்கும் ஒரு மாலைக் கூட்டத்துக்கு நிபுணர் யாரும் மேடையேற வேண்டாம். வயதும் இதற்குத் தடையில்லை: இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் 1950இல் தொடங்கிய தன் ஆங்கிலப் பத்தியை 1996இல் இறக்கும்வரை, எண்பத்து மூன்று வயதிலும், எழுதிக்கொண்டிருந்தார். யானையையும் காட்டெருமையையும் நன்கறிந்த அவர், வீட்டுப் பக்கத்து அணிலுக்கும் காகத்துக்கும் அதே கவனத்தைக் கொடுத்தார்.

இதெல்லாம் தெருவோரத்து இயற்கை, உண்மையான காடு எங்கே என்று கேட்பவர்களும் உண்டு. காடு பக்கத்திலேயே இருக்கிறது, அதனால்தான் ஒதுங்கி இருக்கச் சொல்கிறேன். ஒருபுறம் பெரியாறு புலிகள் காப்பகம், மறுபுறம் 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். கோடையில் தண்ணீர் தேடி யானையும் காட்டுப்பன்றியும் தோட்டங்களுக்கு இறங்கும் பகுதி இது. 2023 மே இறுதியில் அரிக்கொம்பன் யானை கம்பம் தெருக்களுக்குள் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இருட்டு பிரியுமுன் ஆற்றங்கரைக்குத் தனியாகப் போவதும், வனத்துறையின் அனுமதியில்லாமல் சரிவேறுவதும் ரசனையில் சேராது. விடிந்து நன்றாக வெளிச்சம் வந்தபின் ஒரு மணி நேரம், வெயில் தாழ்ந்தபின் அரை மணி நேரம், அதுவும் ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் என்று வைத்துக்கொண்டால் மேலே சொன்ன எதுவும் தவறிப்போகாது. வைகாசி பிற்பாதியில் மட்டும் காகங்களைக் கூடுதலாகக் கவனியுங்கள். பங்குனி முழுக்கக் கூவிய குயில் தன் முட்டையைக் காகத்தின் கூட்டில் இட்டிருக்கும். கூட்டைவிட்டு வந்த குஞ்சு ஒன்று சிறகை நடுக்கி, வாயைப் பிளந்து காகத்தின் பின்னால் திரியும். அதன் வாலின் நீளத்தையும் அலகின் வடிவத்தையும் காகத்தோடு ஒப்பிட்டால், ஊட்டப்படுவது யார் குஞ்சு என்று தெரிந்துவிடும்.