பத்திரிகை வைத்தார்கள், ஆள் விட்டார்கள்

கல்யாணப் பத்திரிகையை நாம் அனுப்புவதில்லை, வைக்கிறோம். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் குங்குமத்தோடு வீடு தேடி வந்து நீட்டினால்தான் அது 'பத்திரிகை வைத்தது'. அதே அட்டை தபாலில் வந்தாலோ வாட்ஸ்அப்பில் வந்தாலோ 'அனுப்பியிருக்கிறார்கள்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வோம். 'எங்களுக்கு வைக்கவே இல்லையே' என்று மனத்தாங்கலில் இருக்கும் அத்தைக்கு, தபால்காரர் போட்டுவிட்டுப் போன உறை சமாதானம் ஆகாது. முகூர்த்த நாளும் மண்டபமும் மாறவில்லை; வினை மாறியதில் மரியாதை மாறிவிட்டது. சேதியைச் சேர்ப்பிக்கும் வினைகளை அகராதி ஒரே பொருளின் கீழ் அடுக்கிவிடலாம். பேசுகிறவர்கள் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைப்பதில்லை. சேதி எப்படிப் போனது, யாரை எவ்வளவு மதித்துப் போனது என்பதெல்லாம் அந்த வினைக்குள் இருக்கிறது.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 'விடு'. 'ஆளை அனுப்பினார்கள்' என்றால் போனவன் சொன்னதைச் செய்துவிட்டுத் திரும்புகிறவன். 'சம்பந்தம் பேச ஆள் விட்டார்கள்' என்றால் அவன் ஆழம் பார்க்கப் போனவன். சமயம் பார்த்துப் பேசுவதும், பேசாமலே வந்துவிடுவதும் அவன் சாமர்த்தியம். தூது நூல்களுக்குக் கிளி விடு தூது, நெஞ்சு விடு தூது என்று பெயர் அமைந்ததை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். ஆசிரியர் பெயர் தெரியாத 'தமிழ் விடு தூது' 268 கண்ணிகள் கொண்டது. மதுரைச் சொக்கநாதர்மேல் காதல் கொண்ட பெண், தமிழையே தூதாக விடுகிறாள். தமிழையும் சொக்கநாதரையும் புகழ்வதிலேயே நூலின் பெரும்பகுதி போகிறது. தூது சொல்லிவரக் கேட்பது கடைசியில்தான். ஏவலாளிடம் யாரும் இத்தனை நயந்து பேசமாட்டார்கள். பழந்தமிழில் 'விடு' என்றாலே அனுப்புதல்தானே, இதில் என்ன தனி நயம் என்று கேட்கலாம். அந்தப் பொருள் இருந்தது உண்மை. ஆனால் இன்று யாரும் பார்சல் விடுவதில்லை, மணியார்டர் விடுவதில்லை. ஆள் விடுகிறோம், தூது விடுகிறோம், மிஸ்டு கால் விடுகிறோம்; மூன்றிலும் மிச்சத்தை எதிராளியின் புரிதலுக்கோ போகிறவரின் திறமைக்கோ விட்டுவிடுகிறோம்.

'போடு' பற்றிய ஆட்சேபம் இதைவிட வலுவானது. சோறு போடு, சண்டை போடு, கடுதாசி போடு, போன் போடு என்று எதற்கும் ஒட்டிக்கொள்ளும் வினையில் நுட்பம் தேடுவது வீண் என்பார்கள். போனுக்கு அது பொருந்தும். அங்கே 'போடு' வெறும் பழக்கம். கடுதாசிக்குப் பொருந்தாது. 'கடிதம் எழுதினேன்' என்றவரின் கடிதம் இன்னும் சட்டைப்பையில் கிடக்கலாம். 'கடுதாசி போட்டேன்' என்றால் அது சிவப்புப் பெட்டிக்குள் விழுந்துவிட்டது, இனித் திரும்ப எடுக்க முடியாது. தந்தியோ 2013 ஜூலையில் நின்றுபோன பிறகும் 'அடி' என்ற வினையோடுதான் நினைவில் இருக்கிறது. கவுன்ட்டரில் படிவத்தை நீட்டிக் காசு கட்டியவர் எதையும் அடிக்கவில்லை. மோர்ஸ் சாவியைத் தட்டியது உள்ளே இருந்த ஊழியரின் விரல். என்றாலும் 'தந்தி அடித்தேன்' என்றே எல்லோரும் சொன்னார்கள்.

சாவுக்கு மட்டும் இந்த வினைகள் ஒத்துவராது. இழவு சொல்வார்கள், ஒருவர் நேரில் போய் வாயால் சொல்ல வேண்டும். 'சொல்லி அனுப்பினோம்' என்ற தொடரும் அப்படிப்பட்டதே: அனுப்பப்படுவது சேதியல்ல, ஆள். இத்தனை விவரம் சொல்லும் தமிழ் வினை மறைக்கிற ஒன்று இங்கேதான் இருக்கிறது. யாரிடம் சொல்லி, யாரை அனுப்பினோம் என்பது அந்தத் தொடரில் வருவதே இல்லை. பல ஊர்களில் இழவு சொல்ல நடந்தவர் சேரியிலிருந்து வந்தவர். சாதி அவர் தலையில் கட்டிய வேலை அது.