சொல்லப்படாத கடைசிச் சொல்: ‘எதிர்நீச்சல்’ தொடரும் வடசென்னை இல்லங்களும்

தொலைக்காட்சித் தொடர்களைக் குறித்துத் திருச்சபை ஊழியர்களாகிய நாம் பேசுவது பெரும்பாலும் ஒரே வகையில்தான். ஜெபக்கூட்டத்திற்குப் பெண்கள் வராமைக்கும், பிள்ளைகள் பாடம் படியாமைக்கும், குடும்ப ஜெபம் நின்றுபோனமைக்கும் அவையே காரணம் என்று கண்டித்துவிட்டு அடுத்த பொருளுக்குச் செல்கிறோம். நாம் கண்டிக்கும் தொடர் யாது, அதில் வருவோரிடையே உள்ள உறவு என்ன, அதைக் காண்போர் எவ்விடத்தில் அழுகின்றனர், எவ்விடத்தில் சினங்கொள்கின்றனர் என்று நாம் வினவுவதில்லை. சபையார் நாள்தோறும் அரைமணி நேரம் மனமொன்றிக் கேட்கும் ஒரு கதையை அவர்களுடைய மேய்ப்பர் அறியாதிருப்பது தகுமா என்பதே இக்கட்டுரையின் முதல் வினா. நாமும் அவ்வாறு அறியாதிருந்தவரே என்பதை முன்னதாகவே ஒப்புக்கொள்கிறோம்.

சன் தொலைக்காட்சியில் 2022 பிப்ரவரி முதல் 2024 ஜூன் வரை ஒளிபரப்பான ‘எதிர்நீச்சல்’ என்னும் தொடரை இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளில் வீட்டுச் சந்திப்புக்குச் சென்றபோது இத்தொடரைக் குறித்து மக்கள் பேசக் கேட்டவையும் இதில் இடம்பெறும்.

1. தொடர் வந்த வழி

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. அக்காலத்தில் வடசென்னையின் தெருக்களில் வசதியுள்ள ஓரிரு வீடுகளில் மட்டுமே பெட்டி இருந்தது. அண்டை வீட்டார் வாசலில் நின்று பார்த்தனர். 1993இல் சன் தொலைக்காட்சி வந்தபின் நாள்தோறும் வரும் நெடுந்தொடர் தமிழர் இல்லங்களில் இடம்பிடித்தது. 2006இல் தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால் குடிசைகளிலும், குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளிலும் பெட்டி இல்லாத வீடு அரிதாயிற்று.

இவ்வாண்டுகளில் மக்கள் மனத்தைப் பெரிதும் கவர்ந்த தொடர்களை நோக்குமிடத்து, அவற்றின் நடுவே பெண்ணொருத்தியின் துயரமே நிற்பதைக் காணலாம். 1999 முதல் 2001 வரை வந்த ‘சித்தி’, 2002 முதல் 2005 வரை வந்த ‘மெட்டி ஒலி’, 2003 முதல் 2009 வரை 1,500க்கும் மேற்பட்ட பகுதிகளாக வந்த ‘கோலங்கள்’ ஆகியவை அனைத்தும் அத்தகையனவே. ‘மெட்டி ஒலி’யில் தாயில்லாத ஐந்து பெண்களை வளர்த்த தந்தை சிதம்பரத்தையும், அவருடைய மகள் சரோஜா மாமியார் ராஜத்திடம் பட்ட பாட்டையும் இன்றும் நினைவுகூர்வோர் நம் சபைகளில் உண்டு. ‘கோலங்கள்’ தொடரை இயக்கிய திருச்செல்வமே ‘எதிர்நீச்சல்’ தொடரையும் இயக்கினார்.

2. கதையும் உறவுகளும்

மதுரைப் பக்கத்துச் செல்வக் குடும்பம் ஒன்றின் மூத்தவர் ஆதி குணசேகரன். தம்பியர் ஞானம், கதிர், சக்தி. நால்வருக்கும் வாய்த்த மனைவியர் முறையே ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி. படித்த பெண்களையே தேடி மணமுடிப்பதும், மணமுடித்தபின் அவர்களை அடுக்களைக்குள் அடைத்துவைப்பதும் அவ்வீட்டின் நெறி. கடைசி மருமகளாக வரும் ஜனனி அந்நெறிக்கு உடன்படாது நிற்க, கதை நகர்கிறது. தங்கை ஆதிரையை அவளது விருப்பத்திற்கு மாறாகக் கரிகாலனுக்கு மணமுடித்து வைத்த பகுதிகள் வந்த நாட்களில், நாம் சென்ற வீடுகளில் எல்லாம் அப்பேச்சே நிறைந்திருந்தது.

இத்தொடரின் சிறப்பு ஒன்றைக் கூறவேண்டும். முந்தைய தொடர்களில் பெண்ணுக்குப் பகை பெரும்பாலும் பெண்ணாகவே காட்டப்பட்டாள். மாமியாரோ நாத்தியோ கொடியவளாக நிற்க, ஆண்மகன் இருவருக்குமிடையே தவிக்கும் அப்பாவியாகத் தோன்றினான். ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஓரகத்திகள் நால்வரும் ஒருவருக்கொருவர் துணையாகின்றனர். அவர்களை அடைத்துவைத்த அடுக்களையே அவர்கள் கூடிப் பேசி, ஒருவர் கண்ணீரை ஒருவர் துடைத்து, நந்தினியின் குறும்புப் பேச்சுக்குச் சிரித்து, உரம் பெறும் இடமாகிறது. சொத்தில் பங்குடைய முதியவளான அப்பத்தா பட்டம்மாளும் இளையோர் பக்கம் நிற்கிறார். கொடுமையின் வேர் மாமியாரின் தீக்குணத்தில் இல்லை, குடும்பத்தின் அதிகாரம் ஒருவர் கையில் குவிந்திருப்பதில் உள்ளது என்று இத்தொடர் காட்டியது. இதனை நம் அருளுரைகள் பல இன்னும் எட்டவில்லை.

குறைகளும் உள. நாள்தோறும் ஒளிபரப்பாக வேண்டிய கதைக்குத் தீர்வு ஆகாது; தீர்வு வந்தால் கதை முடிந்துவிடும். ஆதலின் நீதி ஒவ்வொரு மாலையும் வாசல்வரை வந்து திரும்பிப் போகிறது. அன்றியும், நல்ல வசனங்களும் வலிய காட்சிகளும் பெரும்பாலும் கொடுமை செய்பவருக்கே வாய்க்கின்றன. குணசேகரன் பெண்களை அதட்டி அழைக்கும் அவ்விரு சொற்கள் நாடெங்கும் வேடிக்கைப் பேச்சாயின. ஒரு வீட்டில் பெண்ணை நடுங்கவைக்கும் விளி, மற்றொரு வீட்டில் சிரிப்பாகிறது. சிரித்துப் பழகியபின் அதில் உள்ள இழிவு நம் செவிக்கு எட்டுவதில்லை.

3. வடசென்னையில் கேட்டவை

இக்கதையின் மாளிகைக்கும் நம் மக்களின் வாழ்க்கைக்கும் ஒப்புமை ஏதும் இல்லை என்று முதலில் எண்ணினோம். இங்குள்ள பெண்கள் வீட்டுக்குள் அடைபட்டவர் அல்லர். காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலத்திற்குச் செல்வோரும், பிறர் வீடுகளில் பாத்திரம் துலக்குவோரும், தையல் ஆலைகளுக்குச் செல்வோரும் ஆவர். கணவன்மாரோ துறைமுகத்திலும், கண்டெய்னர் லாரிகளிலும், ஆலைகளில் ஒப்பந்தக் கூலியாகவும் உழைப்பவர்கள். வெளியே போகவிடாத கொடுமை இவர்களை ஏன் அழவைக்கவேண்டும்? காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு மூதாட்டியிடம் இதைக் கேட்டோம். “அவள வெளிய வுட மாட்றாங்க, என்ன வூட்ல குந்த வுட மாட்றாங்க. ரெண்டும் ஒண்ணுதான் ஐயா” என்றார்.

இதனினும் தெளிவான திறனாய்வை நாம் எங்கும் வாசித்ததில்லை. வேலைக்குப் போவதே பெண்ணின் விடுதலை என்று தொடர் கூறுகிறது. வேலைக்குப் போய்வந்தும் கூலியைக் கணவன் கையில் கொடுத்துவிட்டு, அரிசி வாங்க அவனிடமே கேட்டு நிற்கும் பெண் அதற்கும் அப்பால் உள்ளதைக் காண்கிறாள். உழைப்பின் பயனும், உடலின் ஓய்வும், சொல்லின் மதிப்பும் யார் கையில் என்பதே அவளுடைய வினா. தொடர் காண்போர் சிந்தியாதவர் என்னும் கருத்தை நாம் கைவிட வேண்டும்.

4. ஒரு மறைவும் ஒரு விண்ணப்பமும்

குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று, இத்தொடருக்குக் குரல்பதிவு செய்துகொண்டிருந்த வேளையில் மாரடைப்பு ஏற்பட்டு இறந்தார். தேனி மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்து, உதவி இயக்குநராகப் பல்லாண்டு உழைத்து, ‘கண்ணும் கண்ணும்’, ‘புலிவால்’ ஆகிய படங்களை இயக்கிய அவருக்குப் பெரும்புகழ் இத்தொடரால்தான் வந்தது. அதுகாறும் அப்பாத்திரத்தைச் சபித்துவந்த பெண்கள் அன்று அழுதனர். அடுத்த ஞாயிறு ஆராதனைக்குமுன் வயது முதிர்ந்த சகோதரி ஒருவர் நம்மிடம் வந்து, குணசேகரன் குடும்பத்தாருக்காக ஜெபிக்குமாறு கேட்டார். நடிகரின் பெயரைச் சொல்லாது பாத்திரத்தின் பெயரைச் சொன்னதால் நாம் தயங்கினோம். “கெட்டவனா நடிச்சாரு, பாவம், அவருக்கும் பிள்ளைங்க இருக்குல்ல” என்றார் அவர். செயலை வெறுத்து ஆளுக்காக இரங்குவது எப்படி என்று நாம் பல வாரம் போதித்ததை அவர் ஒரு சொல்லில் செய்து காட்டினார்.

பின்னர் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அப்பாத்திரத்தை ஏற்றார். ஆயினும் முன்னைய குணசேகரன் இன்றித் தொடர் சுவைக்கவில்லை என்றே பலர் நம்மிடம் கூறினர். அவர் வீழ வேண்டும் என்று விரும்பியவர்களே அவர் இல்லாமையால் வெறுமை கண்டனர். எகிப்தைவிட்டுப் புறப்பட்ட மக்கள் அங்குள்ள இறைச்சிப் பானைகளை நினைத்து ஏங்கியதை (யாத். 16) நாம் அறிவோம். ஒடுக்குகிறவனுக்குப் பழகிப்போன மனம், அவன் போனபின்னும் அவன் குரலைத் தேடுகிறது. இஃது தொடரின் குறை மட்டுமன்று. நெடுநாள் அடிமைப்பட்ட மனித உள்ளத்தின் நிலையுமாகும்.

5. நாத்தானின் கதை

தாவீதிடம் நாத்தான் தீர்க்கன் வந்தது கதையோடுதான் (2 சாமு. 12). ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைச் செல்வன் பறித்த கதையைக் கேட்ட அரசன் சினந்து, அச்செல்வனுக்குத் தீர்ப்பும் கூறினான். அதன்பின்னரே அச்செல்வன் யார் என்பதை நாத்தான் அவனுக்குச் சுட்டினான். அக்கடைசிச் சொல் இல்லாதிருப்பின், தாவீது நல்லதொரு கதை கேட்டுச் சினந்தவனாகவே உறங்கப் போயிருப்பான்.

தொலைக்காட்சித் தொடர் நாத்தானின் கதையை நாள்தோறும் சொல்கிறது. கடைசிச் சொல்லைச் சொல்வதில்லை. காண்போர் சினங்கொள்கின்றனர், தீர்ப்புக் கூறுகின்றனர், பெட்டியை அணைக்கின்றனர். குணசேகரனைத் திட்டிய அதே வாயால் மனைவியை அதட்டித் தண்ணீர் கேட்கும் கணவனை நாமே கண்டிருக்கிறோம். அவனுக்கு அவனைக் காட்டும் ஊழியம் தொடருக்கு உரியதன்று. அது திருச்சபைக்கு உரியது. அவ்வூழியத்தில் நாம் தவறிய வரலாற்றை இங்கு எழுதாதிருத்தல் நேர்மையாகாது.

நாம் பணிபுரிந்த சபையில் ஒரு சகோதரி உண்டு. அவர் தம் ஊரையும் தெருவையும் சொல்லோம். வீட்டுச் சந்திப்புக்குச் செல்லும்போதெல்லாம் ஈஸ்வரியைப் பற்றியே பேசுவார். “ஐயா, ஈஸ்வரி அந்த வூட்ட வுட்டுப் போயிட்டா அது பாவமா?” என்று ஒருநாள் கேட்டார். “கதையை விட்டுவிட்டு வேதத்தை வாசியுங்கள், அம்மா” என்று கூறி, ஜெபித்து, அவருடைய கணவர் அன்போடு தந்த காப்பியைப் பருகி வந்தோம். அவ்வாண்டுப் பெண்கள் ஞாயிறு அருளுரையில், சபையாரைச் சிரிக்கவைக்கும் பொருட்டுக் குணசேகரனின் அவ்விரு சொற்களை நாமும் பேசிக் காட்டினோம். ஆண்கள் உரக்கச் சிரித்தனர். அச்சகோதரி மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தார். சில மாதங்களுக்குப்பின், முறிந்த கையோடு இரு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அவர் தாய்வீடு சென்ற செய்தியை அண்டை வீட்டார் கூறக் கேட்டோம். அவர் எந்நாளும் ஈஸ்வரியைப் பற்றி நம்மிடம் பேசியதே இல்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று.

கதையைக் கேட்போர் இருவகையினர். தம்மைச் செல்வனிடத்தில் காணவேண்டியவர் ஒருவகை; ஆட்டுக்குட்டியினிடத்தில் ஏற்கெனவே கண்டுகொண்டவர் மற்றொரு வகை. முன்னவருக்கு, அவரே அச்செல்வர் என்று சொல்லவேண்டும். பின்னவருக்கு, இக்கொடுமை கடவுள் அவர்மேல் சுமத்திய சிலுவை அன்று என்று சொல்லவேண்டும். நாமோ பின்னவருக்குப் பொறுமையைப் போதித்து, முன்னவரோடு கமிட்டியில் அமர்ந்தோம்.

6. நம் கடமை

போதகர்களும் இறையியல் மாணவர்களும் செய்யத்தக்கவை சில உள. முதலாவது, சபையார் ஒரு தொடரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சை மாற்றாதிருத்தல். அக்கதையில் யார் செய்தது சரி, அவள் இனி என்ன செய்யவேண்டும் என்று கேட்டால், தம் வீட்டைப் பற்றிச் சொல்ல நாணும் பெண்ணுக்கு வாய் திறக்கும்.

இரண்டாவது, நம் வாசிப்பைத் திருத்துதல். திருமண ஆராதனையில் எபேசியர் 5ஆம் அதிகாரத்தை 22ஆம் வசனத்திலிருந்து வாசிக்கும் வழக்கம் பல சபைகளில் உண்டு. ஒருவருக்கொருவர் கீழ்ப்படிதலைக் கூறும் 21ஆம் வசனத்தை விட்டுவிட்டு வாசித்தால், அப்பகுதி குணசேகரனின் வீட்டுச் சட்டமாகிவிடும்.

மூன்றாவது, சட்டத்தை அறிதல். 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டப்படி, கிறிஸ்தவக் கணவனுக்கு மனைவியின் விபசாரம் ஒன்றே போதிய காரணமாயிருக்க, மனைவியோ கணவனின் விபசாரத்தோடு கொடுமையையோ கைவிடுதலையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 2001ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னரே கொடுமை மட்டுமே போதிய காரணமாயிற்று. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேல் இவ்வேறுபாடு நிலைத்திருந்ததை எத்தனை பேர் அறிவோம்? குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், மணவுறவை முறிக்காமலே பாதுகாப்பும், வீட்டில் வசிக்கும் உரிமையும், பராமரிப்பும் கோர வழிசெய்கிறது. 181 என்னும் பெண்கள் உதவி எண்ணை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க எந்தச் செலவும் இல்லை.

‘எதிர்நீச்சல்’ 2024 ஜூனில் முடிந்து, அவ்வாண்டு டிசம்பரில் இரண்டாம் பாகமாக மீண்டும் தொடங்கியது. கதைக்கு முடிவு வரும்வரை காத்திருக்கத் தொடருக்கு உரிமை உண்டு, நமக்கு இல்லை. அச்சகோதரியின் தாய்வீட்டிற்கு நாம் பின்னர் சென்றோம். அவர் முன்னொருநாள் கேட்ட வினாவுக்கு விடை சொல்லவே வந்ததாகக் கூறி, அது பாவம் அன்று என்றோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, “இத அப்பவே சொல்லியிருக்கலாமே, ஐயா” என்றார்.