சக்கர நாற்காலியைத் தள்ளியவர்

யாரோஸ்லாவ் ஹஷெக்கின் 'நல்ல போர்வீரன் ஷ்வெய்க்' நாவலில் முதலில் வாய் திறப்பவர் ஒரு பெண். பிராக் நகரில் நாய் விற்றுப் பிழைக்கும் ஷ்வெய்க்கின் வீட்டு வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் திருமதி முல்லர். ஃபெர்டினாண்டைக் கொன்றுவிட்டார்கள் என்ற செய்தியை அவர்தான் கொண்டுவருகிறார். முட்டிவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் ஷ்வெய்க், எந்த ஃபெர்டினாண்ட் என்று கேட்கிறான். அவனுக்கு இரண்டு ஃபெர்டினாண்டுகளைத் தெரியும். ஒருவன் மருந்துக்கடை எடுபிடி, மற்றவன் தெருவில் நாய்ப்பீ பொறுக்குபவன். இருவரில் யார் செத்தாலும் பெரிய நட்டமில்லை என்பது அவன் கணக்கு.

1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் சுடப்பட்ட பட்டத்து இளவரசரை நாய்ப்பீ பொறுக்குபவனோடு ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிற இந்தப் பக்கத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். அதே காரில் சுடப்பட்டு இறந்த சோஃபி நாவலில் கணவருடன் போனவர், அவ்வளவுதான். செக் பிரபு குடும்பத்தில் பிறந்த அவரை ஹாப்ஸ்பர்க் அரண்மனை சமமாக ஏற்கவே இல்லை. அவருடைய பிள்ளைகளுக்கு அரியணை கிடையாது என்ற நிபந்தனையின் பேரில்தான் 1900இல் அந்தத் திருமணமே நடந்தது. இதைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். என் அக்கறை அரண்மனைப் பெண்ணைப் பற்றியதல்ல, செய்தி சொன்ன வேலைக்காரப் பெண்ணைப் பற்றியது.

இந்த நாவலை முதன்முறை ஆங்கிலத்தில், செசில் பாரட்டின் மொழிபெயர்ப்பில் படித்தபோது வயிறு வலிக்கச் சிரித்தேன். இரண்டாம் முறை வகுப்புக்காகப் படித்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "அந்த முல்லரம்மா என்ன ஆனாங்க மேடம்?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எழுநூறு பக்கங்களைத் தாண்டும் நாவலில் அவருக்குக் கிடைப்பது சில பக்கங்கள்தான். திரும்பிப் போய்த் தேடினேன்.

இராணுவ மருத்துவக் குழுவே ஒரு காலத்தில் ஷ்வெய்க்கை முட்டாள் என்று சான்றளித்துப் படையிலிருந்து அனுப்பியிருக்கிறது. போர் வந்ததும் அவனை மறுபடி அழைக்கிறார்கள். வாதத்தால் நடக்க முடியாமல் கிடக்கும் அவன், என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போங்கள் என்கிறான். திருமதி முல்லர் பயந்துபோகிறார், அழுகிறார், மருத்துவரைக் கூப்பிடுகிறார். கடைசியில் நாற்காலியை இரவல் வாங்கிவந்து தள்ளிக்கொண்டும் போகிறார். ஊன்றுகோலை ஆட்டியபடி, பெல்கிரேடைப் பிடிக்கச் சொல்லிக் கூவிக்கொண்டு போகிறான் ஷ்வெய்க். கூட்டம் சேர்கிறது. அந்தக் காட்சியை நினைத்தால் நாற்காலியில் இருப்பவன்தான் கண்ணில் நிற்கிறான். தள்ளுபவருக்கு முகமில்லை.

பின்னொரு நாள் ஷ்வெய்க் தன் வீட்டுக்குப் போகிறான். கதவைத் திறப்பது திருமதி முல்லரின் உறவுக்காரப் பெண். ஷ்வெய்க்கைப் போருக்குத் தள்ளிக்கொண்டு போன குற்றத்துக்காக முல்லரைக் கைது செய்துவிட்டார்களாம். இராணுவ நீதிமன்றம் விசாரித்தது, ஒன்றையும் நிரூபிக்க முடியவில்லை, ஆகவே முகாமுக்கு அனுப்பிவிட்டது. இந்த 'ஆகவே'யில்தான் ஹஷெக் இருக்கிறார். குற்றம் நிரூபணமானால் சிறை, ஆகாவிட்டால் முகாம். கற்பனை என்று தள்ளிவிட முடியாது. போர்க்காலத்தில் ஆஸ்திரியா, கிராட்ஸ் நகருக்கு அருகே தாலர்ஹோஃப் போன்ற முகாம்களில் விசாரணையே இல்லாமல் குடிமக்களை அடைத்து வைத்தது. டைஃபஸ் நோயில் ஏராளமானோர் அங்கே மாண்டார்கள்.

முகாமிலிருந்து முல்லர் எழுதிய அஞ்சலட்டை ஒன்று வீட்டில் இருக்கிறது. தணிக்கை அதிகாரி சொற்களை அடித்துவிட்டிருக்கிறார். நாங்கள் சௌக்கியம், சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்கிறது அட்டை. பக்கத்துப் படுக்கைக்காரிக்கு வந்திருக்கும் நோயின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. சூப்புக்காக எதைப் பொறுக்குகிறார்கள் என்பதும் பாதிதான் இருக்கிறது. ஷ்வெய்க் இறந்துவிட்டதாக அவர் கேள்விப்பட்டிருக்கிறார். புதைத்த இடத்தை விசாரித்து வையுங்கள், போர் முடிந்ததும் பூ வைக்கலாம் என்று கேட்கிறார். கடைசியாக, வீட்டில் ஒரு பெட்டிக்குள் சின்ன நாய்க்குட்டி இருந்ததாம். என்னைப் பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து அதற்குச் சோறு வைக்க ஆளிருந்திருக்காது, இனி நேரம் கடந்திருக்கும் என்று எழுதுகிறார்.

நாவல் முழுவதும் காகிதங்கள் வருகின்றன: உத்தரவுகள், தந்திகள், அறிக்கைகள், சங்கேதக் குறிப்புகள். எல்லாமே நகைப்புக்குத்தான். இந்த அட்டையும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஓட்டை விழுந்த அந்த வரிகளை வாசிக்கும்போது சிரிப்பு தொண்டையில் நின்றுவிடுகிறது. பேரரசு எப்படி நடந்தது என்பதை அறிய எனக்கு இந்த ஓர் அட்டை போதும்.

ஷ்வெய்க்கின் ஆயுதம் கீழ்ப்படிதல். சொன்னதைச் சொன்னபடியே, ஓர் எழுத்துப் பிசகாமல் செய்து உத்தரவைக் கவிழ்த்துவிடுவது. இது அடிப்படையில் வேலைக்காரர்களின் தந்திரம். மாமியார் சொன்னதை அப்படியே செய்து மாமியாரைத் திகைக்கவைக்கும் மருமகள்களை நம் வாய்மொழிக் கதைகளில் நிறையப் பார்த்திருக்கிறோம். அப்படியானால் இந்த ஆயுதம் திருமதி முல்லருக்குத்தானே முதலில் கைவர வேண்டும்? அவரும் சொன்னதைத்தான் செய்தார். அதே செயலுக்கு ஷ்வெய்க்குக் கிடைத்தவை மருத்துவமனை, சிறை, பிறகு ஒரு பாதிரியாரிடம் எடுபிடி வேலை, கூடவே நமது அன்பு. அவருக்குக் கிடைத்தது முகாம்.

முட்டாள்தனம் ஆணுக்கு ஒரு வேடம். அதற்குச் சான்றிதழ் வேண்டும். பெண்ணுக்கு அது பிறவிக் குணம் என்று அரசே எழுதி வைத்திருந்தது. ஹங்கேரியோடு அதிகாரத்தைப் பங்கிட்டு இரட்டை முடியாட்சி உருவான அதே 1867ஆம் ஆண்டில் ஆஸ்திரியப் பகுதிக்கு ஒரு சங்கச் சட்டம் வந்தது. அதன் 30ஆம் பிரிவின்படி அந்நியர்கள், பெண்கள், வயதுக்கு வராதவர்கள் ஆகியோர் அரசியல் சங்கங்களில் உறுப்பினராக முடியாது. 1911 வரை அது நீடித்தது. 1907இல் ஆண்கள் எல்லோருக்கும் நாடாளுமன்ற வாக்குரிமை வந்தபோதும் பெண்களுக்கு இல்லை. 1912இல் எழுத்தாளர் பொஜெனா விகோவா குனியெடிட்ஸ்கா பொஹீமிய மாகாணச் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆளுநர் அதை ஏற்க மறுத்தார். அவர் அந்த இருக்கையில் உட்காரவே இல்லை. முட்டாள் என்று ஏற்கெனவே முத்திரை குத்தப்பட்டவர் முட்டாளாக நடித்தால் யார் திகைக்கப் போகிறார்கள்?

பிராகில் பிறந்த பெர்த்தா ஃபான் சுட்னரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1889இல் அவர் எழுதிய போர் எதிர்ப்பு நாவல் 'ஆயுதங்களைக் கீழே போடுங்கள்' ஐரோப்பா முழுக்கப் படிக்கப்பட்டது. 1905இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். சரயேவோவுக்கு ஒரு வாரம் முன்பு, 1914 ஜூன் 21 அன்று இறந்தார். அவர் நாவலில் பகடி இல்லை. போரில் கணவனை இழந்த ஒரு பெண் நேருக்கு நேர் பேசுகிறாள். இன்று அதைப் பிரச்சார நாவல் என்று ஓரம் கட்டிவிட்டு ஷ்வெய்க்கைக் கொண்டாடுகிறோம். கலையாக ஷ்வெய்க்தான் பெரிது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் சிரித்துத் தப்பிக்கும் வசதி இருந்தவனின் குரலையும் அது இல்லாதவளின் குரலையும் ஒரே தராசில் வைத்துவிட்டு, ஒன்று எடை குறைகிறது என்பது நியாயமா?

ஹஷெக்கின் ஆண் உலகத்தையும் பார்த்துவிட வேண்டும். லெப்டினன்ட் லூக்காஷ் நல்ல அதிகாரி என்றே வருகிறார். அவரை நம்பிக் கணவனை விட்டு வந்து வீட்டில் இறங்கிவிடுகிறார் ஒரு பெண். அவருக்கு என்ன வேண்டுமோ செய் என்று ஷ்வெய்க்குக் கட்டளையிட்டுவிட்டு வெளியே போகிறார் லூக்காஷ். ஷ்வெய்க் படுக்கையறையிலும் கட்டளையை நிறைவேற்றிவிட்டு எத்தனை முறை என்ற கணக்கையும் ஒப்பிக்கிறான். இது நாவலின் பிரபலமான நகைச்சுவை. எனக்கு உறுத்துவது அதுவல்ல. இங்கே ஆசைப்படுகிறவர், உத்தரவிடுகிறவர் அந்தப் பெண்தான், அது பரவாயில்லை. அதற்குப் பிறகு நடப்பதுதான். உங்கள் மனைவி இந்த முகவரியில் இருக்கிறார் என்று லூக்காஷே கணவனுக்குத் தந்தி அடித்துவிடுகிறார். கணவன் வருகிறான். இரண்டு ஆண்களும் ஹாப்ஸ் வியாபாரம் பற்றி மரியாதையாகப் பேசுகிறார்கள். தொலைந்த சாமான் கிடைத்த மாதிரி அவர் ஒப்படைக்கப்படுகிறார். பிறகு கிராய்ஹிடாவில் இன்னொருவர் மனைவிக்கு லூக்காஷ் எழுதும் கடிதம், தெருவில் செக்குகளுக்கும் ஹங்கேரியர்களுக்கும் கைகலப்பாகி, பத்திரிகைகளில் தேசிய இனப் பிரச்சினையாக வெடிக்கிறது. பேரரசின் விரிசல் ஒரு பெண்ணின் பெயரில்தான் வெளியே தெரிகிறது. அந்தப் பெண் என்ன நினைத்தார் என்று நாவல் கேட்பதில்லை.

ஆனாலும் ஹஷெக்கை அத்தோடு மூடிவைக்க முடியாதபடி இரண்டு கிழவிகள் குறுக்கே நிற்கிறார்கள். தன் படைப்பிரிவைத் தேடி ஷ்வெய்க் ஊர் ஊராய்ச் சுற்றும் பகுதியில், வழியில் பார்க்கும் ஒரு கிழவி, இவன் படையிலிருந்து ஓடிவந்தவன் என்று தானாக முடிவுகட்டிக்கொள்கிறார். கேள்வி கேட்பதில்லை. போலீஸ் இருக்கும் பாதையைத் தவிர்க்கச் சொல்கிறார். காட்டில் காத்திருக்கச் சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு சூப்பும் ரொட்டியும் கொண்டுவந்து தருகிறார். அடுத்து எங்கே போக வேண்டும் என்றும் சொல்லி அனுப்புகிறார். ஷ்வெய்க்குக்கு ஓடும் எண்ணமே கிடையாது என்பதுதான் நகைச்சுவை. ஆனால் பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தே, முன்பின் அறியாதவனுக்குச் சோறு போடுகிறவர் அவர். நாவலில் வேடம் போடாமல் அரசை மீறுகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் இவர் முன்வரிசையில் வருவார்.

புதிம் கிராமத்துக் காவல் நிலையத்தில் பேஜ்லெர்கா என்ற இன்னொரு கிழவி. பீர் வாங்கிவருவது, அடுப்புப் பார்ப்பது அவர் வேலை. ஷ்வெய்க்கை ரஷ்ய ஒற்றன் என்று நம்பும் நிலைய அதிகாரி, இரவில் குடித்துவிட்டு ரஷ்யா ஜெயிக்கும் என்கிற ரீதியில் உளறிவிடுகிறார். விடிந்ததும் நடுக்கம். சிலுவையும் மெழுகுவர்த்தியும் வைத்து, எதுவும் கேட்கவில்லை என்று அந்தக் கிழவியிடம் சத்தியம் வாங்குகிறார். அதிகாரியையே பயமுறுத்துகிற அளவுக்கு ஒரு வேலைக்காரியின் காது இங்கே கனத்துப்போகிறது. இருப்பதாகவே நாம் கவனிக்காத பெண்தான் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

ஹஷெக் 1915 செப்டம்பரில் ரஷ்யர்களிடம் பிடிபட்டார். செக் படையணி, பிறகு செஞ்சேனை என்று சுற்றி 1920 இறுதியில்தான் பிராக் திரும்பினார். இடைப்பட்ட ஆண்டுகளில் ரொட்டி வரிசையில் நின்ற பெண்களை அவர் பார்க்கவில்லை. 1917 ஏப்ரலில் மொராவியாவின் புரோஸ்தியெயோவ் நகரில் பசிக்கு எதிராகத் திரண்ட கூட்டத்தின்மீது படையினர் சுட்டு இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். பேரரசு போர்முனையில் மட்டும் தோற்கவில்லை, கடை வாசல்களிலும் தோற்றது. அவர் அங்கே இருந்திருந்தால் திருமதி முல்லர் வேறு மாதிரி எழுதப்பட்டிருப்பாரா என்று யோசிப்பதுண்டு. அவரை 1910இல் மணந்து, கைக்குழந்தையோடு பிரிந்துபோன யார்மிலாவும் ஓர் எழுத்தாளர்தான். மதுக்கடையில் ஊரையே சிரிக்கவைத்த மனிதரின் வீடு எப்படி இருந்திருக்கும் என்பதற்கு அந்தப் பிரிவு ஒரு சாட்சி. ரஷ்யாவிலிருந்து இன்னொரு மனைவியோடு அவர் திரும்பியபோதும் யார்மிலாவோடு விவாகரத்து ஆகியிருக்கவில்லை.

1943இல் பிரெக்ட், ஷ்வெய்க்கை நாஜி ஆட்சிக் காலத்துக்குக் கொண்டுவந்து நாடகமாக்கினார். அப்போது 'கிண்ணம்' மதுக்கடையை ஒரு பெண்ணின் கையில், திருமதி கோபெட்ஸ்காவின் கையில் கொடுத்தார். ஹஷெக்கின் நாவலில் அதே கடையின் முதலாளி, மன்னரின் படத்தில் ஈக்கள் எச்சம் போட்டதாகச் சொன்னதற்காகப் பத்தாண்டுச் சிறைக்குப் போகிறார். அதை அழுதபடி ஷ்வெய்க்கிடம் சொல்கிற மனைவிதான் கடையைப் பார்த்துக்கொள்கிறார். பிரெக்ட் அந்த அழுகைக்குள்ளிருந்து ஒரு பாத்திரத்தை எடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

1923 ஜனவரி 3 அன்று, நான்காம் பாகம் முடியுமுன்பே ஹஷெக் இறந்தார். போர் முடிந்ததும் மாலை ஆறு மணிக்கு 'கிண்ண'த்தில் சந்திப்பதாக ஷ்வெய்க்கும் அவன் தோழன் வோதிச்காவும் பேசி வைத்திருந்தார்கள். உலகம் அந்தச் சந்திப்பைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. எழுதப்பட்ட பக்கங்களில் திருமதி முல்லர் திரும்பி வரவில்லை. மாணவியிடம் அதைத்தான் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, அந்த நாய்க்குட்டியைப் பற்றிக் கேட்டாள்.