பொட்டலில் ஒரு குரல்

ஸ்பெஷல் நாடகம் பற்றி நம்மிடையே எழுதப்படுவதில் பெரும்பகுதி பிரதியைப் பற்றியது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதியது எது, நடிகர்கள் சேர்த்தது எது என்று. அது எந்த இடத்தில், எவ்வளவு தூரம் கேட்டது என்பது விமர்சனப் பிரச்சினையாகவே கருதப்படுவதில்லை. எம்.ஏ. வகுப்பில் எனக்குச் சொல்லித்தரப்பட்ட நாடகத்துக்குக் காது கிடையாது.

1886இல் சிவகாசியில் பிறந்த விஸ்வநாததாஸ், தேசியப் பாடல்களுக்காகச் சிறை சென்றவர், 1940இல் சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே இறந்தவர் என்பதோடு தியாக வரலாறு அவரை முடித்துவிடுகிறது. மைக் இல்லாத மேடையில் உருவான குரல் அது. கரிசல் பொட்டலில் சத்தத்தைத் திருப்பித்தரச் சுவர் இல்லை, போனது போனதுதான். எதிர்க்காற்று அடித்தால் பின்னால் இருப்பவனுக்கு ஒண்ணும் கேக்காது. ஆகவேதான் உச்ச சுருதியும், திரும்பத் திரும்ப வரும் வரியும். இதைக் 'கத்தல்' என்று ஒதுக்குவது, சுவருக்குள் உட்கார்ந்து கேட்டுப் பழகிய ரசனை.

மைக் வந்து குரல் கெட்டது என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. குழாய் ஸ்பீக்கர் கீழ்ஸ்தாயியை விழுங்கிவிடும். உச்சத்தில் பாடுகிறவருக்கு அது தோதாகவே அமைந்தது. கெடுதல், குழாயைத் தெருத்தெருவாகக் கட்டியதில் இருக்கிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். மேடையை ஒட்டி நிற்பவனுக்கு, 70 மீட்டர் தள்ளியிருக்கும் குழாயின் சொல் 0.2 நொடி பிந்தி வரும். பாட்டு இதைத் தாங்கும், இழுப்புதானே. தர்க்கம் தாங்காது. வள்ளியும் நாரதரும் வாதம் செய்யும்போது, பதிலின் மேலேயே கேள்வி மறுபடி வந்து விழும். மைக்செட்காரர் எக்கோவையும் திருகிவிட்டால் வல்லினம் செத்தது. பபூன் காமெடியும் பாட்டும் பெருத்ததை ரசனை வீழ்ச்சி என்கிறோம். குழாயை எங்கே கட்டினார்கள் என்றும் கேட்டிருக்கலாம்.

குழாய்களை மேடைப் பக்கமே வைத்து, கூட்டத்தை நோக்கிச் சற்றுச் சாய்த்துக் கட்டினால் பாதிக் குழப்பம் தீரும். இது மைக்செட்காரருக்குத் தெரியாததல்ல. ஆனால் குழாய் கேட்பவனுக்காக மட்டும் கட்டப்படுவதில்லை. பக்கத்து ஊருக்கு, சில இடங்களில் பக்கத்துத் தெருவுக்கு, இது யாருடைய திருவிழா என்று அறிவிக்கவும்தான்.

சட்டத்துக்கும் இந்த வேறுபாடு பிடிபடுவதில்லை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் திறந்தவெளி ஒலிபெருக்கியை இரவு 10 முதல் காலை 6 வரை தடுக்கின்றன. ஆண்டுக்கு 15 நாள்வரை நள்ளிரவு மட்டும் மாநில அரசு தளர்த்தலாம். (சிவகாசி வெடிக்கு 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் வரம்பு.) சத்தம் எவ்வளவு என்பது அளக்கப்படுகிறது, சொல் புரிந்ததா என்பது அளவுகோலிலேயே இல்லை. விடிய விடிய நடக்கும் நாடகத்தில் தர்க்கம் வருவதே நடுச்சாமத்தில். குழாயை இறக்கிவிட்டு, சாவடிச் சுவரை முதுகுக்குப் பின்னால் வைத்து, நெருங்கி உட்கார்ந்த கூட்டத்துக்கு அதை நடத்திப் பார்க்கலாம். விழாக் கமிட்டி ஒத்துக்கொள்ளுமா என்பது வேறு விஷயம்.