பல் பிடுங்கிய பின்: ஒரு சீட்டின் குறை

பல்லைப் பிடுங்கியதும் நம் கையில் ஓர் அறிவுரைச் சீட்டைத் தருகிறார்கள். கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் கிடைக்கும் சீட்டுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை: துப்பாதீர், உறிஞ்சாதீர், புகைக்காதீர், சூடாக உண்ணாதீர். மருத்துவச் செய்தியைத் தமிழில் வீடுவரை கொண்டு சேர்க்கும் எழுத்து இது. எனவே ஒரு நூலைப் போல இதனையும் மதிப்பிடுவது தகும்.

முதலில் நிறையைச் சொல்வோம். இவ்விதிகள் நல்லவையே. பல் இருந்த குழியில் குருதி உறைந்து கட்டியாகிறது. அதுவே அடியிலுள்ள எலும்புக்கு மூடி. புதிய திசு வளர்வதும் அதன்மீதுதான். உறிஞ்சுகுழலால் இளநீர் குடிக்கும்போது வாய்க்குள் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் இளநீரை மேலே தள்ளுகிறது. அதே அழுத்த வேறுபாடு உறைகட்டியையும் அசைக்கக்கூடும். இந்தக் காரணத்தையும் ஒரு வரி சேர்த்திருந்தால் விதி மனத்தில் நின்றிருக்கும்.

பெரிய குறை வேறு. 'செய்யாதே' என்று பலமுறை சொல்லும் சீட்டு, 'எப்போது திரும்பி வர வேண்டும்' என்று சொல்வதில்லை. பல் எடுத்த வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்த வலி இரண்டு முதல் நான்காம் நாளுக்குள் மீண்டும் எழுந்து, காதுவரை பரவி, வாயில் துர்நாற்றமும் வீசினால், அது பெரும்பாலும் 'உலர் பற்குழி' என்னும் சிக்கல். உறைகட்டி போய் எலும்பு வெளியே தெரியும் நிலை அது. மருத்துவர் குழியை உப்புநீர்க் கரைசலால் கழுவி, மருந்துத் துணியை வைத்தால் வலி விரைவில் தணியும். இதற்கு வலி மாத்திரை துணை செய்யும். நுண்ணுயிர்க்கொல்லி வழக்கமாகத் தேவைப்படாது. இதை அறியாதவர், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு இரவுப்பணிக்குச் சிப்காட் ஆலைக்குப் போய்விடுகிறார்.

இன்னொரு குறை, பழியை நோயாளியின் தலையில் ஏற்றுவது. உறைகட்டி உறிஞ்சுவதால் மட்டும் போவதில்லை. உடலிலுள்ள நொதிகளே அதை முன்கூட்டிக் கரைத்துவிடுகின்றன என்று டென்மார்க்கின் பிர்ன் 1973இல் விளக்கினார். கீழ்த்தாடை ஞானப்பல்லைச் சிரமப்பட்டு எடுத்தவருக்கும், கருத்தடை மாத்திரை உண்பவருக்கும் இந்த வாய்ப்பு அதிகம். எல்லா விதிகளையும் காத்தவருக்கும் இது வரலாம். ஆனால் சீட்டைப் படித்தவர், 'நான்தான் ஏதோ தவறு செய்தேன்' என்று கூசி, மருத்துவரிடம் திரும்பிப் போகத் தயங்குகிறார்.

நோயாளியின் கையில் ஏதும் இல்லாத நேர்வும் உண்டு. திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் 2023இல் ஒரே பல் மருத்துவ நிலையத்தோடு தொடர்புடைய பத்துப் பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் நோய் கண்டது; எட்டுப் பேர் மாண்டனர். திறந்து வைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்திய உப்புநீர்க் குப்பியில் அந்நோயின் கிருமி இருந்ததை ஆய்வு காட்டியது. இத்தகையது மிக அரிது. ஆயினும் காய்ச்சல், தலைவலி, முகம் ஒருபுறம் கோணுதல் ஆகியவை தோன்றினால், 'பல்வலிதானே' என்று இருந்துவிடக்கூடாது.

சீட்டின் பின்பக்கம் வெறுமையாகத்தானே கிடக்கிறது? மூன்று வரிகள் போதும்: வலி குறைந்து மீண்டும் ஏறினால் வருக. காய்ச்சல், சீழ், வீக்கம், வாய் திறக்க இயலாமை, நிற்காத குருதி, மறுநாளும் நீங்காத உதட்டு மரமரப்பு இருந்தால் உடனே வருக. விதியை மீறியிருந்தாலும் தயங்காது வருக. அடுத்த முறை பல் எடுக்கச் செல்லும்போது, வாசகர்களே, இவற்றை நீங்களே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.