பதூதாவின் பசி

இலங்கை முஸ்லிம்களின் தொன்மை பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் இப்னு பதூதா முதற் பந்தியிலேயே வந்துவிடுவார். 1344 என்பார், புத்தளம் என்பார், ஆரியச் சக்கரவர்த்தி என்பார். பாவா ஆதம் மலையில் ஏறி இறங்குவார். இரண்டாம் பந்தியில் அவரைப் பசியோடு அனுப்பிவிடுவோம். விழா மலர்களுக்கு நானும் அப்படி எழுதியவன்தான். எமக்கு வேண்டியது ஒரு சாட்சி, காணி உறுதியில் கையெழுத்து வைக்கும் சாட்சி. அவர் என்ன சாப்பிட்டார் என்று யார் கேட்பது?

அண்மையில் 'ரிஹ்லா'வின் நான்காம் பாகத்தை (கிப், பெக்கிங்ஹாம் ஆங்கில மொழிபெயர்ப்பு, 1994) சாப்பாட்டு இடங்களை மட்டும் பென்சிலால் கோடிட்டு வாசித்தேன். தென்னிந்தியாவும் மாலைதீவும் இலங்கையும் வரும் பாகம் அது. எனக்கு அது வேறொரு நூலாகத் தெரிந்தது.

பதூதா 1304இல் மொறோக்கோவின் தன்ஜாவில் பிறந்த மஃரிபி. கோதுமை தின்று வளர்ந்தவர். ஹொன்னாவர் சுல்தான் ஜமாலுத்தீனின் விருந்தை அவர் சொல்லும்போது பரிமாறும் ஒழுங்கு ஒன்றும் தவறுவதில்லை. அடிமைப் பெண்ணொருத்தி அகப்பையால் சோறு வைக்கிறாள், நெய் ஊற்றுகிறாள். மிளகு, இஞ்சி, எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய்கள் வருகின்றன. பிறகு கோழி, மீன், மரக்கறி, கடைசியில் தயிர். இவ்வளவு ரசித்துச் சொன்ன மனிதர் அதே மூச்சில் குறைப்படுகிறார்: அந்த சுல்தானிடம் பதினொரு மாதம் ரொட்டியே காணவில்லையாம். மாலைதீவிலும் இலங்கையிலும் மஃபரிலும் மலபாரிலுமாக மூன்று வருடம் சோறே தின்று, கடைசியில் தண்ணீர் குடித்துத்தான் விழுங்க முடிந்ததாம்.

இந்தக் குறைப்பாட்டைத்தான் நூலின் மிக நம்பகமான இடமாக நான் கொள்கிறேன். மரீனிய சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி ஃபெஸ் நகரில் பதூதா சொல்லச் சொல்ல எழுதியவர் இப்னு ஜுஸை. சொல்லி முடித்தது 1355இல். மக்கா, திமிஷ்க் வர்ணனைகளில் இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுத்த பகுதிகள் உள்ளதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பள்ளிவாசல் வர்ணனையைக் கடன் வாங்கலாம். சோற்றின் மேலுள்ள கோபத்தை யாரிடம் கடன் வாங்குவது?

இலங்கைப் பகுதியில் எம்மவர் எவரும் மேற்கோள் காட்டாத இடம் ஒன்றுண்டு. மலைக்குப் போக அரசர் பல்லக்குக் கொடுக்கிறார். நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், பத்துத் தோழர்கள், உணவு சுமக்கப் பதினைந்து பேர். வழியில் மன்னார் மண்டலி என்ற ஊர். அங்குள்ளவர்கள் சோறு, நெய், மீன், கோழி, பால் என்று விருந்து வைக்கிறார்கள். காட்டில் பிடித்த எருமைக் கன்றுகளும் விருந்தில் உண்டு. அந்த ஊரில் இருந்த ஒரே முஸ்லிம், நோயினால் பின்தங்கிவிட்ட ஒரு குராசானியர். அப்படியானால் அடுப்பு மூட்டியவர்கள் முஸ்லிம்களல்லர். கன்றுகள் உயிரோடு கொண்டுவரப்பட்டன என்கிறது நூல். வந்தவர் தம் முறைப்படி அறுத்துக்கொள்ளட்டும் என்றுதான் என்பது எனது வாசிப்பு. 2013இல் ஹலால் முத்திரை இந்நாட்டில் தெருப் பிரச்சினையானபோது நாம் பதூதாவைத் தூக்கிப் பிடித்தோம், 'நாங்களும் பழையவர்கள்' என்று காட்ட. இந்த விருந்தை யாரும் எடுத்துக் காட்டவில்லை.

சரி, அவருடைய நாக்கு தேடியது என்ன? ரொட்டியோடு குஸ்குஸையும் நான் சேர்ப்பேன். ஊர் திரும்பிய பின் மாலிக்குப் போனவர், கடுகு போன்ற ஃபோனியோ தானியத்தில் அங்கே குஸ்குஸ் செய்வதைக் கவனித்துச் சொல்கிறார். கூடவே, அந்த ஊர்ச் சோறு வெள்ளையருக்கு ஆகாது என்று அரிசிக்கு இன்னொரு குட்டு! மஃரிபில் இன்றும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தால் வீடுகளில் குஸ்குஸ்தான். பெரிய தட்டொன்றைச் சுற்றியிருந்து, அவரவர் தம் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவார்கள். எமது சஹனேதான். 2020இல் அல்ஜீரியா, மொரித்தானியா, மொறோக்கோ, தூனிசியா நான்கும் ஒன்றாக விண்ணப்பித்து அதை யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்த்தன.

மடுல்சீமையில் எனக்குக் குஸ்குஸ் சொல்லித்தந்தது நூல் அல்ல. லயத்துப் பெண்ணொருத்தி, தமிழ்ப் பெண். சவூதி வீடொன்றில் வேலை செய்தபோது கூட இருந்த மொறோக்கோச் சமையற்காரியிடம் பழகியிருக்கிறாள். ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக் குசினியில் செய்து காட்டினாள். ரவையில் உப்புத் தண்ணீர் தெளித்து, கோதுமை மா தூவி, உள்ளங்கையால் சுற்றிச் சுற்றி உருட்டி, அரிதட்டில் அரித்தாள். இட்டலிச் சட்டியில் துணி விரித்து அவித்து, கொட்டி உதிர்த்து, மீண்டும் அவித்தாள். கீழே கோழி, கடலை, வெலிமடைக் கரட், கோவா, பூசணி கொதிக்கிற ஆவியிலேயே மேலே வேக வேண்டும் என்பதுதான் முறையாம். பார்த்துக்கொண்டிருந்த என் மாமி, "இது பிட்டுத்தானே!" என்றார். "ஆமா மாமி, மொறோக்கோப் பிட்டு" என்றாள் அவள்.

இங்கேதான் எமது சிறுகதைகளைப் பற்றி ஒரு மனக்குறை. பெருநாள் வந்தால் வட்டிலாப்பம் வரும், நோன்பு வந்தால் கஞ்சி வரும். மண்வாசனை என்று நாமும் பாராட்டுவோம். கஞ்சிக்கு அரிசி களைந்தவள், எத்தனை மணிக்கு எழும்பினாள், கடைசியில் அவளுக்கு என்ன மிஞ்சியது என்பதெல்லாம் கதைக்குள் வருவதில்லை. பதூதாவிடமும் அந்தக் குறை உண்டு. ஹொன்னாவரில் பரிமாறிய பெண் என்ன சாப்பிட்டாள் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் மாலைதீவில் நின்று கவனிக்கிறார். அங்கே மனைவி கணவனோடு சாப்பிடுவதில்லை, அவள் சாப்பிடுவது என்னவென்றும் அவனுக்குத் தெரியாது. தாம் மணந்த பெண்களில் சிலரைச் சொல்லிச் சொல்லித் தம்மோடு சாப்பிட வைத்தாராம். மற்றவர்கள் சாப்பிடுவதை எந்தத் தந்திரத்தாலும் பார்க்க முடியவில்லையாம். பல இடங்களில் மணந்து மணந்து விட்டு வந்தவர் என்று பதூதாவின் மேல் எனக்குக் கோபம் உண்டு. இந்த இடத்தில் அது கொஞ்சம் தணிந்தது.

அன்று முன் ஹோலில் எங்கள் சஹனில் ஆறு பேர் இருந்தோம். என்னோடு படிப்பிக்கும் சிங்கள ஆசிரியர் ஒருவரும் அதில் இருந்தார். தட்டை வழித்துச் சாப்பிட்டோம். பதூதாவையும் அவருடைய அரிசி வெறுப்பையும் நான்தான் சத்தமாகச் சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

ராத்திரி மனைவியிடம் கேட்டேன், நீங்கள் குசினியில் எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று. கலியாணம் முடித்து இருபது வருடத்தில் முதல் தடவை.

"குஸ்குஸ் எங்க மிஞ்சின? மத்தியானச் சோத்தில ஆணம் ஊத்தி, அவளும் நானும் ஒரு கோப்பையில தின்னோம்" என்றார்.